எதிராளி வேலை

அவளை எறும்பு என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தவர் கல்லூரியின் டென்னிஸ் பயிற்சியாளர். முதல் வருடம் அணிக்கு ஆள் எடுத்த அன்று, அவர் ஒரு மூலையில் பந்தைப் போட்டுவிட்டு அடுத்ததை எதிர் மூலையில் போட்டார். மற்ற பெண்கள் பத்தாவது பந்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். ஐந்தடி ஒரு அங்குலம் இருந்த இந்தப் பெண் மட்டும் கூடை காலியாகும்வரை ஓடினாள். எட்டாத பந்துக்கும் ஓடினாள். "விடும்மா, அது போயிடுச்சு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பந்து வலைக்கு மேலே திரும்பி வந்துகொண்டிருந்தது.

"சர்க்கரை டப்பாவைக் கண்ட எறும்பு மாதிரி இருக்கியே" என்றார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அணியில் ஆறாம் இடத்தில் சேர்ந்தவள் மூன்றே மாதத்தில் முதலிடத்துக்கு வந்தாள். பிறகு நாலு வருடமும் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு ஆட்டம் ஜெயித்தாள், பதிமூன்று தோற்றாள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கோப்பையை அடுத்தடுத்து இரண்டு வருடம் தூக்கினாள். விளையாட்டுத் துறை வாசலில் இருந்த கண்ணாடி அலமாரியில் அவள் படம் ஏறியது. படத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, முடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருக்க, யாரையோ கடிக்கப் போகிறவள் மாதிரி இருப்பாள். "இதவிட நல்ல படம் கிடைக்கலயா?" என்று அம்மா கேட்டாள். அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் சீருடை தைப்பவள். கசங்கிய எதையும் அவளால் பார்க்க முடியாது.

அவள் ஆட்டத்தில் பெரிய வித்தை எதுவும் இல்லை. சர்வ் சுமார். அடி பலமில்லை. ஆனால் அடித்ததெல்லாம் திரும்பி வரும். எதிரே இருப்பவள் ஐந்து முறை நன்றாக அடிப்பாள், பத்து முறை அடிப்பாள், பதினொன்றாவது முறை சலித்துப்போய் வலையில் அடிப்பாள். "எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்று பயிற்சியாளர் வாரத்துக்கு நாலு தடவை சொல்வார். கல் தேய்ந்ததோ இல்லையோ, எறும்பின் இடது முட்டி தேய்ந்தது. அது அப்போது தெரியவில்லை.

பட்டம் புள்ளியியலில் வாங்கினாள், அதில் பாதி, அணி வண்டியின் பின் இருக்கையில் படித்தது. வாங்கிய கையோடு தொழில்முறை ஆட்டத்துக்குப் போனாள். போகாமல் இருப்பது பற்றி யாரும் பேசவே இல்லை. நாலு வருடம் முதலிடத்தில் இருந்தவள் வேறு எங்கே போவாள்?

அங்கே போன பிறகுதான் விஷயம் புரிந்தது. அங்கே எல்லாருமே எறும்பு. சிலதுக்கு இறக்கையும் இருந்தது.

தொலைக்காட்சியில் வருகிற டென்னிஸ் வேறு, இது வேறு. ஓட்டுத் தொழிற்சாலைக்குப் பின்னால், மாட்டுச் சந்தைக்குப் பக்கத்தில், ஏதோ ஒரு ஊரின் கோடியில் ஆறு மைதானம் இருக்கும். பார்க்க இருபது பேர் வந்தால் அதில் எட்டுப் பேர் ஆடுகிறவர்களின் அம்மாக்கள். துணியை விடுதிக் குளியலறையில் துவைத்து, ஜன்னல் கம்பியில் காயப்போட்டு, காயாததை அப்படியே பையில் திணித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறவேண்டும். ஒரு வாரம் ஜெயிப்பாள், மூன்று வாரம் தோற்பாள். இரண்டாவது வருடக் கடைசியில் அவளுடைய தரவரிசை முந்நூற்று எண்பத்தெட்டு. அதற்கு மேலே அது ஏறவில்லை. நானூற்றுப் பத்து, நானூற்று இரண்டு, நானூற்று முப்பது என்று அங்கேயே ஊசலாடிக்கொண்டிருந்தது.

அவள் அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒருநாள் போனில் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "லிஃப்டு ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டா உள்ள இருக்கறவங்க ஏன் கத்துறாங்க தெரியுமா? விழுந்துடுவோம்னு இல்ல. எவ்வளவு நேரம்னு தெரியாததாலதான்" என்றார்.

"அப்போ நீங்க என்ன பண்ணுவீங்க?"

"வெளியில நின்னு பேச்சுக் குடுப்போம். வேற என்ன பண்றது?"

முட்டி வீங்க ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். தினமும் காலையில் அரை மணி நேரம் ஐஸ், அப்புறம் பட்டை ஒட்டுவது, அப்புறம் அந்தக் கால் தன்னுடையதில்லை என்று நினைத்துக்கொண்டு இறங்குவது. மருத்துவர் ஆறு மாதம் ஓய்வு என்றார். ஆறு மாதம் ஓய்வெடுத்தால் தரவரிசை எண்ணூறுக்குப் போய்விடும். வாரம் ஒரு ஆட்டம் மட்டும் ஆடி, கையில் ஒரு வேலையும் இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்திருந்தபோது அப்படி ஒரு வேலை தேடி வந்தது.

வேலை கொடுத்தவர் ஒரு பல் மருத்துவர். மகளின் டென்னிஸுக்காகத் தன் கிளினிக்கை மூடிவிட்டு ஊர் ஊராகக் கூடவே போகிற அம்மா. டாக்டரம்மா என்பார்கள். யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்கமாட்டார்; பல்லைப் பார்த்துத்தான் பேசுவார். மகளுக்குப் பதினெட்டு வயது, ஐந்தடி பதினோரு அங்குலம். வீட்டில் கூப்பிடுவது குட்டி. ஆறு வயதில் வைத்த பெயராம். "வைக்கறப்போ அளவு சரியாத்தான் இருந்துச்சு" என்பார் டாக்டரம்மா. குட்டி அப்போதே நூற்றெழுபதாம் இடத்தில் இருந்தாள். அவளுக்கு இறக்கை இருப்பது பந்தை முதல் தடவை அடித்தபோதே தெரிந்தது. அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

எறும்பின் வேலை தினமும் குட்டியோடு பந்தடிப்பது. ஆனால் அதற்கு மட்டும் என்றால் யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். டாக்டரம்மா அவளிடம் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தார். எறும்புக்கு யாருடைய ஆட்டத்தையும் அப்படியே ஆடிக்காட்ட வரும். ஒருத்தியின் வீடியோவை நாலு தடவை பார்த்தால் போதும். அவள் சர்வ் எந்தப் பக்கம் வளையும், எப்போது முன்னால் ஓடிவருவாள், பயந்தால் பந்தை எங்கே போடுவாள் என்பதெல்லாம் கைக்கு வந்துவிடும். கல்லூரியில் பொழுதுபோகாத மத்தியான வேளைகளில் அணிப் பெண்களைச் சிரிக்க வைக்கச் செய்த வேலை அது. இப்போது அதுவே சோறு போட்டது.

குட்டிக்கு அடுத்த ஆட்டம் யாரோடு என்று தெரிந்தவுடன் வீடியோ வந்துவிடும். எறும்பு விடுதி அறையில் உட்கார்ந்து பார்ப்பாள். அடுத்த நாள் காலையில் அந்தப் பெண்ணாகவே மைதானத்தில் இறங்குவாள். ஒருத்தி சர்வ் போடுமுன் பந்தை ஏழு தடவை தட்டுவாள். இவளும் ஏழு தடவை தட்டுவாள். ஒருத்தி சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்வாள், இவளும் இழுப்பாள். குட்டி வலைக்கு அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"அக்கா, அவ மூக்கைக்கூடத் தொடைப்பா. அத மறந்துட்டீங்க."

"மூக்குக்குத் தனி ரேட்டு."

குட்டி நல்ல பெண். பயணத்தில் ஜன்னல் இருக்கையை இவளுக்குக் கொடுப்பாள். இவள் முட்டிக்கு ஐஸ் கட்டுவதற்கு அவளே போய் வாளியில் அள்ளிக்கொண்டு வருவாள். அக்கா, அக்கா என்று ஒரு நாளைக்கு நூறு தடவை. கூடப்பிறந்தவர் இல்லாத பெண்.

பதினாலு மாதம் இப்படிப் போனது. அதே ஊர்களில் எறும்பும் தன் பங்குக்குத் தகுதிச் சுற்றில் ஆடுவாள். தகுதிச் சுற்று என்றால் முதன்மைப் போட்டிக்குள் நுழைய முதல் இரண்டு மூன்று நாள் நடக்கிற தள்ளுமுள்ளு. பெரும்பாலும் அதிலேயே தோற்றுவிடுவாள். ஒருநாள் அப்படி ஒரு ஆட்டத்தில், முக்கியமான ஒரு புள்ளிக்கு சர்வ் போட நின்றவள், பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஏழாவது தட்டில்தான் உறைத்தது. இது யாரோ ஒருத்தியின் பழக்கம். என்னுடையது எத்தனை? இரண்டா, மூன்றா? யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. நடுவர் மணியைப் பார்த்தார். சர்வ் வலையில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது.

அன்று தோற்றதைவிட அதுதான் அவளை உலுக்கிப் போட்டது. ஆனால் அதைப் பற்றி உட்கார்ந்து அழக்கூட நேரமில்லை. சாயங்காலம் நாலு மணிக்குக் குட்டிக்காக இன்னொருத்தியாக ஆடவேண்டியிருந்தது.

குட்டியிடம் ஒரு குறை இருந்தது. எறும்பு வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே அதைப் பார்த்துவிட்டாள். தோளுக்கு மேலே, மெதுவாக, எந்த வேகமும் இல்லாமல் பேக்ஹேண்ட் பக்கம் வருகிற பந்து. வேகமாக வந்தால் குட்டி கொன்றுவிடுவாள். மெதுவாக உயர்ந்து வந்தால் பின்னால் போக மனமில்லாமல் நின்ற இடத்திலேயே எட்டி அடிப்பாள். மூன்றில் ஒன்று வெளியே போகும். மற்றவர்கள் கண்ணில் இது படவில்லை, ஏனென்றால் அந்த மட்டத்தில் ஆடுகிறவர்கள் யாரும் அப்படி மெதுவாக, தன் பாட்டுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருப்பதில்லை. எறும்பு ஒரு தடவை டாக்டரம்மாவிடம் சொன்னாள். "இப்போ கைய மாத்தினா குழம்பிடுவாம்மா. அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்" என்றார் அவர். எறும்பு அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த நிலையில்தான் அந்தப் போட்டி வந்தது. நடுத்தரப் போட்டி, ஆட வந்தவர்களின் வரிசையில் குட்டிக்கு நாலாம் இடம். எறும்பு தகுதிச் சுற்றில் வழக்கத்துக்கு மாறாக இரண்டு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவதில் தோற்றாள். பையைக் கட்டி வைத்துவிட்டு மறுநாள் காலை குட்டியின் முதல் சுற்று எதிராளியின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போட்டி அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். அந்த எதிராளிக்கு வயிற்றுப்போக்காம். விலகிக்கொண்டாளாம். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களில் தரவரிசையில் முன்னால் இருப்பவர் அந்த இடத்துக்குப் போகவேண்டும் என்பது விதி.

"நீங்கதான். உள்ள வந்துட்டீங்க. நாளைக்குப் பதினோரு மணி, ரெண்டாம் நம்பர் மைதானம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்கள். இங்கே பழம் நழுவி முதலாளியம்மா மடியில் விழுந்தது.

அலுவலக வாசலில் ஒட்டியிருந்த பட்டியலைப் போய்ப் பார்த்தாள். பழைய பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் பேனாவால் அவள் பெயரை எழுதியிருந்தார்கள். பின்னால் வந்து நின்ற டாக்டரம்மாவும் படித்தார்.

"எதிராளி மாதிரி ஆட எப்பவும் உன்னைத்தான் கூப்பிடுவேன்" என்றார். "இப்போ நான் யாரைக் கூப்பிடறது?"

சிரித்தார். எறும்பும் சிரித்தாள். இரண்டு சிரிப்பும் பட்டியலைத் தாண்டிப் போகவில்லை.

அன்று மத்தியானம் குட்டி அவள் அறைக்கு வந்து, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, நீளக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாளைக்கு யாரா ஆடப்போறீங்க?"

கேலியாகத்தான் கேட்டாள்.

"தெரியல குட்டி."

"விட்டுக் குடுக்காதீங்க. குடுத்தா எனக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் பேசமாட்டேன்."

"சரி."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"நானும் சரின்னு நிஜமாத்தான் சொன்னேன்."

அவள் போன பிறகு எறும்பு அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், இயந்திர அறையில் இருந்தார். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.

"நாளைக்கு முதலாளி பொண்ணுகூட ஆடணும்பா."

"ஜெயிச்சா வேலை போயிடுமா?"

"அப்படி யாரும் சொல்லல."

"தோத்தா?"

"இருக்கும்னு நினைக்கிறேன்."

"நல்லா மாட்டினே. எறும்புன்னு உனக்குப் பேரு வச்சாரே அந்த ஆளு, இருதலைக்கொள்ளி எறும்புன்னு முழுசாச் சொல்லியிருக்கலாம்." கொஞ்சம் சிரித்துவிட்டு, "முட்டி எப்படி இருக்கு?" என்றார்.

"இருக்கு."

"சாப்பிட்டியா?"

"ம்."

"அப்போ தூங்கு. பகல்ல தூங்கினா ஒண்ணும் குடி முழுகிடாது."

ஆனால் தூக்கம் வரவில்லை. தன் பழைய ஆட்டங்களின் வீடியோ ஏதாவது இருக்குமா என்று தேடிப்பார்த்தாள். கல்லூரி இறுதி ஆட்டம் ஒன்று கிடைத்தது. யாரோ கைபேசியில் எடுத்தது, பாதி நேரம் ஒருவருடைய தலைதான் தெரிந்தது. அந்தத் தலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு சின்னப் பெண் ஓடிக்கொண்டே இருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க இவளுக்குக் களைப்பாக இருந்தது. பாதியில் அணைத்துவிட்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு வெயில் நல்ல வெயில். முதல் செட்டில் எறும்பு தன்னைத் தேடினாள், கிடைக்கவில்லை. ஒரு பந்தை ஒருத்தி மாதிரி வெட்டினாள், அடுத்ததை வேறொருத்தி மாதிரி அறைந்தாள். என்ன வந்தாலும் குட்டியிடம் பதில் தயாராக இருந்தது. இருக்காதா பின்னே? பதினாலு மாதம் இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொடுத்தது இவள்தானே. இவள் எந்த வேஷம் போட்டாலும் குட்டி அதை ஏற்கெனவே ஜெயித்திருந்தாள். முப்பத்தொரு நிமிடத்தில் ஆறுக்கு இரண்டு என்று செட் போனது.

இரண்டாவது செட்டின் மூன்றாவது கேமில் முட்டி குத்த ஆரம்பித்தது. வழக்கமான வலிதான். ஆனால் அதோடு சேர்ந்து வேறு என்னவோ ஒன்று அவளுக்குள் தளர்ந்துவிட்டது. வெட்டவும் அறையவும் தெம்பில்லை. யார் மாதிரியும் இருக்கத் தெம்பில்லை. வந்த பந்தைத் திருப்பிப் போடுவோம், அது போகிற இடத்துக்குப் போகட்டும் என்று ஆகிவிட்டது. போட்டாள். திரும்பி வந்தது. மறுபடி போட்டாள். ஏழு, எட்டு, பதினொன்று. குட்டி வலையில் அடித்தாள்.

அடுத்த புள்ளியும் அப்படித்தான். அதற்கடுத்ததும். எறும்பு யோசிக்கவே இல்லை. கால் போனது, கை போனது. சர்வ் போடுமுன் பந்தை இரண்டு தடவை தட்டினாள். இரண்டுதான்.

பிறகு அந்த உயரப் பந்தை ஆரம்பித்தாள். தெரிந்தேதான் ஆரம்பித்தாள். மெதுவாக, தோளுக்கு மேலே, பேக்ஹேண்ட் பக்கம். குட்டி எட்டி அடித்தாள், வெளியே. இன்னொன்று. உள்ளே விழுந்தது. இன்னொன்று. வெளியே. குட்டி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வீட்டில் எப்போதும் திறந்தே இருக்கிற கதவு சாத்தியிருப்பதைப் பார்த்தவள் மாதிரி இருந்தாள். எறும்பு மட்டையின் நரம்புகளைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டாள்.

இரண்டாவது செட் ஏழுக்கு ஐந்து, எறும்புக்கு. மூன்றாவது செட்டின்போது பக்கத்து மைதானத்தில் ஆட்டம் முடிந்து ஆட்கள் இங்கே வந்து வேலியோரம் நின்றார்கள். நாலுக்கு நாலு என்று இருந்தபோது ஒரு புள்ளி நாற்பது அடிகளுக்கு மேல் போனது, யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்ததும் குட்டி மட்டையை ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றாள். எறும்புக்கும் அப்படி நிற்க ஆசைதான். நின்றால் முட்டி மடங்காது என்று தெரிந்ததால் நடந்துகொண்டே இருந்தாள். ஆறுக்கு நாலு. இரண்டு மணி ஐம்பது நிமிடம். கடைசிப் பந்து, குட்டியின் பேக்ஹேண்ட், ஒரு முழம் வெளியே.

நூற்றுச்சொச்சம் ஆட்டம் ஜெயித்தவள் அவள். ஜெயித்த கணத்தில் வயிற்றில் ஏதோ ஒன்று குதிக்கும், அது அவளுக்குப் பழக்கம். அன்று அது குதிக்கவில்லை. சுமையை இறக்கி வைத்த கை மரத்திருக்கும் அல்லவா, அப்படி இருந்தது. வலையில் கை கொடுத்தபோது குட்டியின் கை சில்லென்று இருந்தது. குட்டி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டரம்மா வேலியோரம் காத்திருந்தார். "நல்லா ஆடினே" என்றார், மனசார. முகத்தில் வஞ்சகம் இல்லை. பிறகு இவள் பல்லைப் பார்த்துக்கொண்டே, "நாங்க சாயங்காலமே கிளம்பறோம்மா. நீ பாவம், ரொம்ப நாளா ஓடிட்டே இருக்கே. கொஞ்ச நாள் வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு" என்றார்.

வலிக்காது, வாயைத் திற என்று சொல்கிற அதே குரல். பல் கையில் வந்த பிறகுதான் எறும்புக்குப் புரிந்தது.

இரண்டாவது சுற்றில் அடுத்த நாள் நாற்பத்தெட்டே நிமிடத்தில் தோற்றாள். ஆறுக்கு ஒன்று, ஆறுக்குப் பூஜ்யம். ஜெயித்த பெண் வருத்தப்பட்டு, "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். கால் தரையை விட்டு எழும்பவே இல்லை. அங்கிருந்து ஏழு மணி நேரப் பேருந்து. லிஃப்ட் பழுது பார்ப்பவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, மூன்று மாடி. பையை அப்பா தூக்கிக்கொண்டார். ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து, சின்னக் குழந்தை ஏறுவது போல ஏறினாள். அம்மா கதவைத் திறந்து, மகளைவிட மகளின் சட்டையை முதலில் பார்த்து, "கழட்டிக் குடு, அயர்ன் பண்றேன்" என்றாள். எறும்பு இரண்டு நாள் தூங்கினாள்.

ஒன்பதாம் நாள் குட்டியிடமிருந்து போன். மத்தியானம் மூன்று மணி. அம்மா வேலைக்குப் போயிருந்தாள்.

"அக்கா. தோளுக்கு மேல வர்ற பந்து. அதானே?"

"அதான்."

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

"சேந்த மூணாம் நாள்லேருந்து."

அந்தப் பக்கம் குட்டி கதவைச் சாத்துகிற சத்தம்.

"உங்கம்மாகிட்ட ஒரு தடவை சொன்னேன்" என்றாள் எறும்பு.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

உங்கம்மா வேண்டாம் என்றார் என்று சொல்லலாம், அது பொய்யில்லை. ஆனால் தினமும் எட்டு மணி நேரம் கூடவே இருந்த பெண்ணிடம், பேருந்தில், சாப்பாட்டு மேசையில், எங்கே வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா வேண்டாம் என்றபோது தன் மனசு ஒரு ஓரத்தில் நிம்மதிப்பட்டது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்ட வேலையில் அது ஒன்றையாவது முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டிருந்தாள் போல.

"தெரியல குட்டி. சொல்லியிருக்கணும்."

"இப்போ சொல்லுங்க."

சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் சொன்னாள். பந்து எழும்புமுன்னே இரண்டு எட்டு பின்னால் போகவேண்டும் என்றும், எந்தக் கால் முதலில் என்றும், பின்னால் போக அலுப்பாக இருந்தால் முன்னால் வந்து எழும்புகிறபோதே அடிக்கவேண்டும் என்றும், நின்ற இடத்தில் நிற்பது மட்டும் கூடாது என்றும். குட்டி எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, திரும்பி வர்றீங்களா? அம்மாகிட்ட நான் பேசறேன்."

"வேண்டாம். முட்டி ஒத்துக்காது."

அது பாதி நிஜம். மீதிப் பாதியைக் குட்டி கேட்கவில்லை.

"அன்னைக்குக் கை குடுக்கறப்போ நான் உங்க முகத்தப் பாக்கவே இல்ல" என்றாள் குட்டி.

"நானும்தான் பாக்கல."

குட்டி அடுத்த வருடம் அந்தப் பந்தைத் திருத்திக்கொண்டாள். அதற்கடுத்த வருடம் அவள் பெயர் இரண்டிலக்கத் தரவரிசைக்குள் வந்தது. எறும்பு அதைச் செய்தியில் படித்தாள். சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது அவளுக்கு ஆச்சரியமாக இல்லை.

அதற்கெல்லாம் முன்பே, எறும்பு வீடு வந்த மாதமே, கல்லூரிப் பயிற்சியாளர் விஷயம் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார். உதவிப் பயிற்சியாளர் இடம் காலியாக இருக்கிறதாம். "உன் படம் இன்னும் வாசல்லதான் இருக்கு. நீயே வந்துட்டா பொண்ணுங்களுக்கு எவ்வளவு உற்சாகமா இருக்கும்."

"எனக்கு இருக்காது சார்" என்றாள். அவர் கொஞ்சம் திகைத்துப்போனார். "காலையில அஞ்சு மணிக்கு விசில் சத்தத்துக்கு எந்திரிக்க இனிமே என்னால ஆகாது. கோவிச்சுக்காதீங்க."

அவர் கோவித்துக்கொள்ளவில்லை. வேறு யாரையாவது தெரிந்தால் சொல் என்றார்.

முட்டியில் சின்னதாக ஒரு அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். பிறகு தூசி படிந்த பட்டத்தை எடுத்துக்கொண்டு வேலை தேடினாள். நாலைந்து இடத்தில் வேண்டாம் என்றார்கள். ஆறாவது, நகரத்துக் குடிநீர் அலுவலகம். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது, எங்கே கசிகிறது என்று கணக்கிட ஒரு ஆள் தேவைப்பட்டது. நேர்காணல் அறையில் பழைய ஏசி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பொறியாளருக்கு ஓய்வு பெறுகிற வயது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவள் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"படிச்சு முடிச்சு மூணு வருஷத்துக்கு மேல ஆகுது. அதுவரைக்கும் என்ன பண்ணீங்க?"

"டென்னிஸ் ஆடினேன் சார்."

"பொழுதுபோக்கா?"

"இல்ல சார். அதான் வேலை."

அவர் காகிதத்தை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். "ஜெயிச்சீங்களா?"

எறும்பு யோசித்தாள்.

"சில நாள்" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த காகிதக் கட்டைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். ஒரு வட்டாரத்தின் ஒரு மாத அளவுகள், கையால் எழுதியவை, சில இடங்களில் தண்ணீர் பட்டு மை கலைந்திருந்தது. "இதுல எங்க தப்பு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. அவசரமில்ல."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்தே செய்கிற வேலை. காலை மேசைக்கு அடியில் நன்றாக நீட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள்.